வாங்கிய 23-ஆம் நாளில் இன்ஜின் சீஸ்: பிரிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்

மார்த்தாண்டம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தனியார் பள்ளி ஆசிரியை, கணவருக்கு வளைகுடாவில் வேலை. மாமியாரை வாரம் இரண்டு முறை நாகர்கோவிலுக்குச் சிகிச்சைக்குக் கூட்டிப் போக வேண்டியிருப்பதால், களியக்காவிளை தாண்டி கேரளப் பகுதியில் உள்ள பழைய கார் கடை ஒன்றில் 2015 மாடல் டீசல் கார் வாங்கினார். விலை 3,85,000 ரூபாய். அதில் 3 லட்சம் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போனது. மீதி 85,000 நகையை அடகு வைத்த பணம். ரொக்கமாகக் கொடுத்தார், ரசீது இல்லை. மீட்டரில் 62,400 கி.மீ. காட்டியது. "ஒரே ஓனர், இன்ஜினுக்கு ஒரு குழப்பமும் இல்ல, கேரண்டி" என்று கடைக்காரர் வாட்ஸ்அப் குரல் பதிவில் சொல்லியிருக்கிறார்.

6-ஆம் நாளே காலையில் ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று சத்தம். கடைக்காரருக்கு அதைப் பதிவு செய்து அனுப்பியபோது, "டீசல் வண்டின்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்று பதில். 23-ஆம் நாள், நாகர்கோவிலிலிருந்து திரும்பும்போது வில்லுக்குறி தாண்டியதும் சிவப்பு ஆயில் லைட் எரிந்திருக்கிறது. தக்கலை போய் ஆயில் ஊற்றிக்கொள்ளலாம் என்று சுமார் 5 கி.மீ. ஓட்டியிருக்கிறார். தக்கலை வருவதற்குள் டக் டக் என்று அடித்து, இன்ஜின் இறுகி (சீஸ் ஆகி) நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்து பார்த்த மெக்கானிக், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஆயில் ஒட்டவே இல்லை என்றிருக்கிறார். இன்ஜின் வேலைக்கு 1,10,000, பழைய இன்ஜின் மாற்றினால் 65,000 என்று மதிப்பும் சொல்லிவிட்டார். கடைக்காரரோ, "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் புரோக்கர்தான். வேணும்னா 15,000 தர்றேன்" என்கிறார். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது.

வாசகியின் கேள்விகள்: கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்ததா? கேரளத்துக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா? கணவர் வந்தால்தான் முடியுமா? ஆர்.சி. மாறாததால் காரைக் கடை வாசலில் கொண்டுபோய் விட்டுவிடலாமா? இன்சூரன்ஸ் தருமா? மெக்கானிக் நாளைக்கே இன்ஜினைப் பிரிக்கிறேன் என்கிறார், சரி சொல்லலாமா?

கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம். இதைப் படித்ததும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். சொன்னதை ஒரு மெசேஜாகவும் அனுப்பி வையுங்கள்.

இன்ஜின்தான் உங்கள் சாட்சி

இந்த வழக்கில் தீர வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கோளாறு நீங்கள் வாங்கும்போதே உள்ளே இருந்ததா, வாங்கிய பிறகு வந்ததா? அதற்கான பதில் அந்த இன்ஜினுக்குள்தான் இருக்கிறது. உங்கள் மெக்கானிக் தனியாகப் பிரித்து, கழுவி, உடைந்ததைச் சாக்கில் போட்டு வைத்துவிட்டால், "இது அந்த வண்டியின் பேரிங்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. நல்ல வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில், பிரிக்காமலே எடுக்கக்கூடியவற்றை எடுத்துவிடுங்கள். மீட்டர் ரீடிங், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் மூன்றும் தெரியும்படி வீடியோ. அதே வீடியோவில் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டச் சொல்லுங்கள். மெக்கானிக் அன்று ஏதாவது ஆயில் ஊற்றினாரா, எவ்வளவு ஊற்றினார், ஊற்றுவதற்கு முன் டிப்ஸ்டிக் எப்படி இருந்தது என்பதை அவர் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்குங்கள். பேட்டரி இறங்கிப்போவதற்குள் ஸ்கேனர் போட்டு, பழுதுக் குறியீடுகளைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு வீட்டுக்குப் போய், கார் நின்ற போர்ட்டிகோ தரையைப் பாருங்கள். இன்ஜினுக்கு நேர் கீழே கறுப்பாக ஆயில் சொட்டிய தடம் இருக்கிறதா? இருந்தால் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இல்லாவிட்டாலும் எடுங்கள், அதுவும் தகவல்தான். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். குச்சியில் ஒட்டவே இல்லை என்றால் அதைவிட அதிகமாகப் போயிருக்கிறது. ஒன்று ஒழுகியிருக்க வேண்டும், அல்லது ரிங், வால்வு சீல், டர்போ வழியாக எரிந்து நீலப் புகையாகப் போயிருக்க வேண்டும், அல்லது இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்டோடு கலந்திருக்க வேண்டும், அல்லது டெலிவரி கொடுக்கும்போதே குறைவாக இருந்திருக்க வேண்டும். எதுவானாலும், சரியாக ஆயில் ஊற்றிக் கொடுத்த நல்ல இன்ஜினுக்கு 23 நாள் ஓட்டத்தில் பொதுவாக இப்படி ஆகாது.

இன்ஜினைத் திறப்பது கூட்டு ஆய்வாக நடக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் (வாகனச் சேதத்தை ஆய்வு செய்து மதிப்பிடுபவர்) ஒருவரை நீங்களே கட்டணம் கொடுத்து அமர்த்தலாம். ஆய்வு நடக்கும் நாள், நேரம், இடம் மூன்றையும் குறிப்பிட்டு, குறைந்தது 7 நாள் முன்னதாகக் கடைக்காரருக்கும் பழைய ஓனருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் வராவிட்டால், வரவில்லை என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். இன்னொரு வழியும் உண்டு. நுகர்வோர் சட்டத்தின் 38-ஆம் பிரிவில், பொருளைச் சோதனைக்கு அனுப்பும்படி நுகர்வோர் ஆணையத்தையே கேட்கலாம். அதற்கான கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும். அதன் அறிக்கைக்கு எடை அதிகம், ஆனால் அதுவரை கார் அப்படியே கிடக்கும். மாமியாரின் சிகிச்சையை நினைத்தால், சர்வேயர் வழியே உங்களுக்குத் தோதானது.

திறக்கும்போது சர்வேயர் பார்த்து எழுத வேண்டியவை இவை. ஆயில் வடிக்கும்போது நடுவாக்கில் சுத்தமான பாட்டிலில் 200 மி.லி. பிடித்து, சீல் வைத்து, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆயில் பில்டரை வெட்டிப் பார்த்து, உலோகத் துகள் இருந்தால் படம். வால்வு கவரைத் தூக்கியதும் தார் போலக் கசடு படிந்திருக்கிறதா? ஆயில் மாற்றாமலே பல மாதம் ஓடிய வண்டியில்தான் அப்படிப் படியும், 23 நாளில் படியாது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைச் சுற்றிப் புது சிலிக்கான் பேஸ்ட் தெரிந்தால், சமீபத்தில் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க்கைத் தாங்கும் பேரிங்குகளைத் தனித்தனியாக எண் போட்டுக் கழற்ற வேண்டும். எல்லா பேரிங்கிலும் மேல் பூச்சு ஒரேபோலத் தேய்ந்து உள்ளே செம்பு நிறம் தெரிகிறதென்றால், அது நீண்ட நாள் தேய்மானம். ஒன்றிரண்டு மட்டும் உருகி, அந்த இடத்தில் கிராங்க் நீலம் பாய்ந்து கறுத்திருந்து, மற்றவை புதிது போல இருந்தால், திடீரென ஆயில் நின்றதால் வந்தது என்று எதிர்த்தரப்பு வாதாடும். நடைமுறையில் இரண்டும் கலந்தே கிடக்கும். எது எவ்வளவு என்று பிரித்து எழுதத் தெரிந்த சர்வேயராகப் பார்த்துப் பிடியுங்கள்.

அந்த 5 கிலோமீட்டர்

இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். ஆயில் லைட் எரிந்தால் ஆயில் கொஞ்சம் குறைந்துவிட்டது, போய் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஓடும்போது எரியும் அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் போய்விட்டது என்பதைக் காட்டுகிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி. அதில் ஆயில் படலம் இல்லையென்றால் உலோகத்தோடு உலோகம் உரசும். உடனே ஓரங்கட்டி ஆஃப் செய்திருந்தால், சேதம் ஒருவேளை குறைந்திருக்கும்.

எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொள்ளும். அதற்காக மறைக்காதீர்கள். எந்த இடத்தில் லைட் எரிந்தது, எங்கே நின்றது என்பதை, கடைக்காரருக்கு அனுப்பப்போகும் நோட்டீஸிலேயே உள்ளபடி எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் உங்கள் மற்ற பேச்சையும் யாரும் நம்ப மாட்டார்கள். இதற்கு எதிர்ப்பலமாக உங்களிடம் இருப்பது 6-ஆம் நாள் அனுப்பிய அந்தச் சத்தப் பதிவு. லைட் எரிவதற்கு 17 நாள் முன்பே இன்ஜின் தட்டியிருக்கிறது, நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், விற்றவர் பார்க்காமல் தட்டிக் கழித்திருக்கிறார். உங்கள் காகிதங்கள் எல்லாவற்றிலும் விலை மதிப்புள்ளது இதுதான். அந்தப் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து தனியாகவும் வையுங்கள். மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும்.

"உள்ளது உள்ளபடி"

அந்தக் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று சொல்ல மாட்டேன். பொருள் விற்பனைச் சட்டம் 1930-ன் 16-ஆம் பிரிவு, அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும்போது, பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இப்படிச் சட்டம் தானாக ஊகித்துக்கொள்ளும் நிபந்தனைகளை, எழுதிக் கையெழுத்திட்டு விலக்கிக்கொள்ள முடியும். ஆனால் வாயைத் திறந்து கொடுத்த உறுதிமொழியை அது அழிக்காது. "இன்ஜின் கேரண்டி" என்று குரல் பதிவில் சொல்லிவிட்டு, காரைக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்கும் டெலிவரி நோட்டில் பொடி எழுத்தில் வேறு எழுதி வாங்குவது பொய்யான விவரம் கூறி விற்பதில் சேரும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அதை நியாயமற்ற வணிக முறை என்கிறது. நீங்கள் ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். பேரிங் தேய்மானம் 3 கி.மீ. ஓட்டிப் பார்த்தால் தெரியும் குறை இல்லை.

"நான் புரோக்கர்தான்" என்பதும் பழைய பாட்டு. 3 லட்சம் யார் கணக்குக்குப் போனது? அவர் கணக்குக்கு. 2023 ஏப்ரல் முதல், பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் கடைக்காரர்கள் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அந்தச் சான்று இருக்கிறதா என்று நோட்டீஸில் கேளுங்கள். இல்லை என்றால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான். பழைய ஓனரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிட்டால், பழியை அவர் மேல் போட்டுக் கடைக்காரர் நழுவ முடியாது.

85,000 ரொக்கம்தான் கொஞ்சம் சிக்கல். அடகுச் சீட்டின் தேதி, பணம் எடுத்த விவரம், மொத்த விலையைப் பற்றிய மெசேஜ் மூன்றையும் சேர்த்து வையுங்கள். அடகு வட்டி ரசீதுகளும் வேண்டும், நஷ்டத்தில் கேட்கலாம்.

எங்கே, யார், எவ்வளவு செலவு

கேரளத்துக்குப் போக வேண்டாம். 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. உங்களுக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கே தொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகத் தாக்கலும் செய்யலாம். காலக்கெடு 2 ஆண்டு, ஆனால் தள்ளிப் போடாதீர்கள்.

டெலிவரி நோட்டு உங்கள் பெயரில் இருக்கிறது, கணவர் வரத் தேவையில்லை. பணம் அவர் அனுப்பியதாக இருந்தாலும், வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் வக்கீல் கிடைப்பார்.

போலீஸ் பற்றிக் கேட்கவில்லை என்றாலும், அக்கம்பக்கத்தில் யாராவது "420 போடு" என்று சொல்லியிருப்பார்கள். ஏமாற்று வழக்குக்கான அந்தப் பழைய பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 318. விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், இன்ஜின் போனது மட்டும் போதாது. ஆனால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணையும் சேஸிஸ் நம்பரையும் கொடுத்து பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். 62,400 கி.மீ. என்று விற்ற வண்டி, இரண்டு வருடம் முன்பே ஒரு லட்சத்துக்கு மேல் ஓடியதாக அங்கே பதிவு இருந்தால் கதையே வேறு. அப்போது போலீஸ் புகாருக்கு உயிர் வரும், நுகர்வோர் வழக்கும் இரட்டிப்பு பலமாகும்.

இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். சாதாரண பாலிசியில் இயந்திரக் கோளாறு சேராது. பாலிசியும் இன்னும் பழைய ஓனர் பெயரில்.

காரைக் கடை வாசலில் விட்டுவிட்டு வருவது வேண்டவே வேண்டாம். அசையும் பொருள் விற்பனையில் பணம் கொடுத்து வண்டியை ஒப்புக்கொண்டதுமே வண்டி உங்களுடையதாகிவிட்டது. ஆர்.சி. மாறாதது பதிவு வேலை பாக்கி என்பதுதான். சாட்சி கடைக்காரர் கையில் இருக்கக் கூடாது. கேரள வண்டி என்பதால் தடையில்லாச் சான்று வந்த பிறகே மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற முடியும். அந்தச் சான்று எங்கே என்பதையும் நோட்டீஸில் கேளுங்கள்.

நோட்டீஸ்

இந்த வாரமே அனுப்புங்கள். பொருள் வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டதாகக் கருத விற்பனைச் சட்டம் இடம் தருகிறது. ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட், கூடவே வாட்ஸ்அப். பெரிய ஆங்கிலம் தேவையில்லை. வாங்கிய தேதி, விலை, கடைக்காரர் சொன்ன வார்த்தைகள் அப்படியே, 6-ஆம் நாள் புகார், 23-ஆம் நாள் நடந்தது, மெக்கானிக்கின் மதிப்பீடு, கூட்டு ஆய்வுத் தேதி, 15 நாளில் பதில், இவ்வளவு போதும். கேட்பது இரண்டில் ஒன்று: விலையைத் திருப்பித் தந்து காரை எடுத்துக்கொள், இல்லையென்றால் பழுதுச் செலவு, இழுத்து வந்த கூலி, அடகு வட்டி, டாக்ஸிச் செலவு கொடு.

பத்து வயது தாண்டிய காருக்கு முழு விலையும் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்து இறங்காதீர்கள். அந்த 5 கி.மீ. ஓட்டியதற்காகக் கழிக்கப்போவதையும் கணக்கில் வைத்தால், பழுதுச் செலவில் பெரும்பகுதியும் ஓரளவு நஷ்டஈடும் நியாயமான எதிர்பார்ப்பு. 15,000 அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆய்வு அறிக்கை கையில் வந்த பிறகு, 70,000-க்கு மேல் பேச வந்தால் நான் உங்கள் இடத்தில் இருந்து யோசிப்பேன். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம், 2015-ல் பதிவான வண்டிக்கு 2030 வரைதான் முதல் பதிவு செல்லும்.

சமரசம் என்றால் பணம் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகே கையெழுத்து. கடைக்காரரே சரி செய்து தருகிறேன் என்றால், எந்தெந்த பாகம் புதிது, எது பழையது என்று பில்லோடு எழுதி வாங்குங்கள். குறைந்தது 1,000 கி.மீ. ஓட்டிப் பார்க்கும்வரை "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கை வைக்காதீர்கள். 65,000-க்குப் பழைய இன்ஜின் மாற்றும் யோசனைக்கு வந்தால், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு பில் வேண்டும். காகிதம் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருக்கலாம். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பர் ஏற்ற வேண்டும். கழற்றிய பழைய இன்ஜினை, கிராங்க், பேரிங், பிஸ்டன் எல்லாம் சேர்த்து, வழக்கு முடியும்வரை உங்கள் வீட்டிலேயே மூடி வையுங்கள். "ஆக்கருக்கு (பழைய இரும்புக்கு) போட்டு இரண்டாயிரம் வாங்கித் தரட்டுமா" என்று மெக்கானிக் கேட்பார். கொடுக்காதீர்கள்.